தி. வை. சதாசிவ பண்டாரத்தார்

தி. வை. சதாசிவ பண்டாரத்தார் (ஆகத்து 15, 1892 - சனவரி 2, 1960) தமிழக வரலாற்று ஆய்வாளர், கல்வெட்டறிஞர், தமிழாசிரியர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் ஆராய்ச்சியாளர். தமிழ் நாட்டுக் கோயில்களில் உள்ள கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் இலக்கியங்களோடு ஒப்பிட்டுச் சோழர், பாண்டியர் வரலாறுகளைத் தமிழிலேயே எழுதியவர். மூன்று பகுதிகளாக வெளிவந்த பிற்காலச் சோழர் சரித்திரம் இவரது தலையாய நூல். கால் நூற்றாண்டுக் காலம் பள்ளியில் தமிழாசிரியராகப் பணியாற்றிய பின்னரே பல்கலைக்கழகப் பணிக்குச் சென்றார். தமிழ் மன்னர்களின் முறையான வரலாறு பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு வந்த காலத்தில், ஆங்கிலம் அறியாத தமிழரும் அதனைச் சான்றுகளோடு படிக்கும் நிலையை உருவாக்கியவர்களுள் இவர் முதன்மையானவர்.

பிறந்த ஊர்

இவரது பெயரின் முதலெழுத்தாகிய தி என்பது திருப்புறம்பியத்தைக் குறிக்கும். வை என்பது தந்தையாரின் பெயராகிய வைத்தியலிங்கம் என்பதைக் குறிக்கும். திருப்புறம்பியம் தஞ்சாவூர் மாவட்டத்தில், கும்பகோணத்திற்கு வடமேற்கே, மண்ணியாற்றிற்கும் கொள்ளிடத்திற்கும் இடையில் உள்ள சிற்றூர். திருஞானசம்பந்தர், திருநாவுக்கரசர், சுந்தரர் ஆகிய மூவராலும் பாடப்பெற்ற சிவத்தலம். இங்குள்ள இறைவன் சாட்சிநாதர் என வழங்கப்படுகிறார். விநாயக சதுர்த்தி இரவில் இத்தலத்துப் பிரளயங் காத்த விநாயகருக்குத் தேன் அபிடேகம் செய்வது வழக்கம்.

இவ்வூர் தமிழக வரலாற்றில் ஒரு திருப்புமுனையைக் கண்ட இடமும் ஆகும். ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில், ஏறத்தாழ கி.பி. 880 அளவில், இரண்டாம் வரகுண பாண்டியனுக்கும் பல்லவ அபராசிதவர்மனுக்கும் இங்குப் பெரும்போர் நிகழ்ந்தது. பல்லவனுக்குத் துணையாகக் கங்க மன்னன் முதலாம் பிருதிவிபதியும், சோழன் முதலாம் ஆதித்தனும் நின்றனர். பாண்டியன் தோற்றான், கங்க மன்னன் களத்தில் உயிர் துறந்தான். வெற்றி பல்லவனுடையது எனினும் அதன் பயனை அடைந்தவர்கள் சோழர்களே. தஞ்சைப் பகுதியில் சிற்றரசர்களாக இருந்த அவர்கள் இதன் பின்னரே பேரரசர்களாக உயர்ந்தனர். போரில் மாண்டவருக்கு எடுத்த பள்ளிப்படைக் கோயில் எனக் கருதப்படும் கோயில் இன்றும் இவ்வூரில் உள்ளது.

பிற்காலச் சோழர்களின் எழுச்சிக்குக் களமாக அமைந்த ஊரில் பிறந்த ஒருவரே அவர்களது வரலாற்றை எழுதியது பொருத்தமாக அமைந்தது. கொள்ளிடத்தைக் கடந்தால் மறுகரை இன்றைய அரியலூர் மாவட்டம். அங்கேதான் சோழர்களின் இறுதித் தலைநகரான கங்கைகொண்ட சோழபுரம் உள்ளது. ஆற்றின் இரு பக்கங்களிலும் உள்ள ஊர்களின் கற்சுவர்களே பண்டாரத்தாருக்கு வாழ்நாள் முழுவதும் படிப்புக்குரிய ஏடுகளாக இருந்தன.

இளமையும் கல்வியும்

சதாசிவ பண்டாரத்தார் வைத்தியலிங்கப் பண்டாரத்தாருக்கும் மீனாட்சி அம்மையாருக்கும் மகனாகப் பிறந்தார். சைவ ஒழுக்கம் நிறைந்த எளிய குடும்பம். உள்ளூரில் தொடக்கக் கல்வி பெற்றபின் கும்பகோணத்தில் உயர்நிலைப் பள்ளியில் பயின்றார். நற்றிணைக்கு உரை எழுதிய பின்னத்தூர் அ. நாராயணசாமி ஐயரும், வலம்புரி அ. பாலசுப்பிரமணிய பிள்ளையும் இவருக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியர்கள். சங்க நூல்கள் அச்சில் வந்து, அவற்றை ஊன்றிப் படிக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் பரவத் தொடங்கிய காலம் அது. மூலத்தைச் சொல் சொல்லாக ஆராய்ந்து பொருள் காணும் பழக்கம் இவருக்கு அத்தகைய ஆசிரியர்களிடமிருந்து கிடைத்தது.

கல்லூரியில் சேர்ந்து பட்டம் பெறும் வாய்ப்பு இவருக்கு அமையவில்லை. பிற்காலத்தில் இவர் பெற்ற புலமை முழுவதும் தாமே தேடிக் கற்றதன் பயனாகும்.

கல்வெட்டு ஆய்வில் ஈடுபாடு

தென்னிந்தியக் கல்வெட்டுகளைப் படியெடுத்துப் பதிப்பிக்கும் பணியை அரசு 1880களின் பிற்பகுதியில் உல்ச் என்னும் செருமானிய அறிஞரின் பொறுப்பில் தொடங்கியது. தென்னிந்தியக் கல்வெட்டுகள் என்னும் தொகுதி வரிசையின் முதல் தொகுதி 1890இல் வெளிவந்தது. ஆண்டுதோறும் படியெடுக்கப்பட்ட கல்வெட்டுகளின் சுருக்கங்கள் ஆண்டறிக்கைகளாக வெளியிடப்பட்டன. கல்வெட்டுகள் தமிழில் இருந்தாலும் அறிக்கைகளும் விளக்கங்களும் ஆங்கிலத்தில் இருந்தன. ஆகவே தமிழ்ப் புலவர்களுள் பலர் அவற்றை அறியாதிருந்தனர். ஆங்கிலம் அறிந்த வரலாற்றாசிரியர்களுள் பலருக்குச் சங்க இலக்கியத்திலும் திருமுறைகளிலும் ஆழ்ந்த பயிற்சி இல்லை.

து. அ. கோபிநாதராயர் எழுதிய சோழ வமிச சரித்திரச் சுருக்கம் என்னும் நூல் பண்டாரத்தாரை வரலாற்று ஆய்வின்பால் ஈர்த்தது. அதன்பின் கல்வெட்டுத் தொகுதிகளையும் ஆண்டறிக்கைகளையும் தொடர்ந்து பயின்றார். மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் செந்தமிழ், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் தமிழ்ப்பொழில் முதலிய இதழ்களில் ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார். அக்காலத்தில் தமிழ் ஆய்வாளர்களுக்கு இத்தகைய இதழ்களே ஆய்வரங்கமாக விளங்கின.

பள்ளி ஆசிரியப் பணி

1917ஆம் ஆண்டு முதல் 1942ஆம் ஆண்டு வரை கும்பகோணம் பாணாதுரை உயர்நிலைப் பள்ளியில் பண்டாரத்தார் தமிழாசிரியராகப் பணியாற்றினார். இவரது முதல் இரண்டு பெரிய வரலாற்று நூல்களான முதற் குலோத்துங்க சோழனும் பாண்டியர் வரலாறும் இக்காலத்தில் எழுதப்பட்டவை. வகுப்புகளை நடத்தி, விடைத்தாள் திருத்தி, எஞ்சிய நேரத்திலேயே ஆய்வைத் தொடர வேண்டியிருந்தது. ஆய்வுக்கென ஊதியமோ, உதவியாளரோ, பெரிய நூலகமோ இல்லாத நிலையில் இவ்வளவும் செய்தது குறிப்பிடத்தக்கது.

கும்பகோணம் இருந்த இடம் இவரது ஆய்வுக்குத் துணை செய்தது. பழையாறை, திருவிடைமருதூர், தாராசுரம், திருப்பனந்தாள், திருநாகேசுவரம் எனச் சோழர் காலக் கோயில்கள் ஒரு நாளில் போய்த் திரும்பும் தொலைவில் சூழ்ந்திருந்தன.

அண்ணாமலைப் பல்கலைக்கழகம்

1942ஆம் ஆண்டு சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் ஆராய்ச்சித் துறையில் சேர்ந்தார். 1929இல் தொடங்கப்பெற்ற இப்பல்கலைக்கழகம் தமிழ்க் கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் தனி இடம் அளித்தது. பட்டம் பெறாத ஒருவரை அவரது ஆய்வு நூல்களின் தகுதியைக் கொண்டே பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டது. ஐம்பதாவது வயதில் தொடங்கிய இப்பணி இவரது ஆய்வு வாழ்வின் வளமான காலமாயிற்று. பிற்காலச் சோழர் சரித்திரமும் இரண்டு தமிழ் இலக்கிய வரலாற்று நூல்களும் பல்கலைக்கழக வெளியீடுகளாக வந்தன. வாழ்நாளின் இறுதிவரை இப்பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தார்.

குடும்பம்

பண்டாரத்தாரின் முதல் மனைவியார் மணமான சில ஆண்டுகளில் காலமானார். பின்னர் மறுமணம் செய்துகொண்டார். இவருக்கு ஒரு மகன் உண்டு. தம் ஊரைப் பாடிய மூவருள் ஒருவரின் பெயரையே மகனுக்கு இட்டார். பள்ளியிலும் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றிய காலம் முழுவதும் சொந்த ஊருடனான தொடர்பு அறுபடவில்லை. பெரும் ஆய்வாளராக அறியப்பட்ட பின்னரும் ஊர்ப் பெயரைத் தம் பெயரின் முன்னே தாங்கியதோடு, அவ்வூர்க் கோயிலின் வரலாற்றையும் தனி நூலாக எழுதினார்.

சமயப் பற்று

பண்டாரத்தார் சைவ சமயத்தில் ஆழ்ந்த பற்றுடையவர். தேவாரத் திருமுறைகளிலும் பெரியபுராணத்திலும் அவருக்கு இருந்த பயிற்சி ஆய்விலும் வெளிப்பட்டது. கோயிற் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை விளக்கெரித்தல், திருவமுது, திருப்பதியம் ஓதுதல், நந்தவனம், திருவிழா ஆகியவற்றுக்கு அளித்த நிலம், பொன், ஆடு, மாடு முதலிய கொடைகளைப் பற்றியவை. தஞ்சைப் பெரிய கோயிலில் முதல் இராசராசன் திருப்பதியம் விண்ணப்பிக்க 48 பேரை அமர்த்தியதும் கல்வெட்டால்தான் தெரிகிறது. கோயில் வழிபாட்டு முறைகளையும் அவற்றுக்குரிய சொற்களையும் உள்ளிருந்து அறிந்தவர் ஒருவருக்கு இத்தகைய கல்வெட்டுகளின் பொருள் எளிதில் விளங்கும். பண்டாரத்தார் அத்தகையவர்.

எனினும் சமயப் பற்று இவரது வரலாற்று முடிவுகளுக்கு அடிப்படையாக அமையவில்லை. தலபுராணங்களில் உள்ள செய்திகளையும் கல்வெட்டுகளால் உறுதிப்படும் செய்திகளையும் வேறுபடுத்தினார். திருப்புறம்பயத் தல வரலாறு (1946), செம்பியன் மாதேவித் தல வரலாறு (1959) ஆகிய நூல்களை எழுதினார். ஒரு கோயில் எப்போது கற்றளியாயிற்று, யார் யார் என்னென்ன கொடை அளித்தனர், பழைய நாளில் அவ்வூர் எந்த நாட்டில், எந்த வளநாட்டில் இருந்தது என்பவற்றை அடியவர்களும் அறியும் வகையில் எழுதுவது தல வரலாற்று நூல்களுக்குப் புதிய போக்காக இருந்தது.

ஆய்வு முறை

சோழர் கல்வெட்டுகளைக் கொண்டு காலம் கணிப்பதில் பல இடர்ப்பாடுகள் உண்டு. கல்வெட்டுகளில் பெரும்பாலும் தொடர் ஆண்டு தரப்படுவதில்லை; அரசனது ஆட்சியாண்டு மட்டுமே தரப்படும். சோழ மன்னர்கள் இராசகேசரி, பரகேசரி என்னும் பட்டங்களை மாறி மாறிப் புனைந்தனர். எனவே இராசகேசரியின் இரண்டாம் ஆண்டு என்று மட்டும் ஒரு கல்வெட்டில் இருந்தால் அது எந்த மன்னனுடையது என்பது ஆராய்ச்சிக்குரியதாகிறது. எழுத்தின் வடிவம், கல்வெட்டில் வரும் அதிகாரிகளின் பெயர்கள், மெய்க்கீர்த்தி, நாள், திதி, விண்மீன் பற்றிய குறிப்புகள், அதே கோயிலில் உள்ள பிற கல்வெட்டுகள் ஆகியவற்றைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும்.

மெய்க்கீர்த்தி என்பது மன்னனின் வெற்றிகளைக் கூறும் செய்யுட் பகுதி. முதல் இராசராசன் காலம் முதல் இது கல்வெட்டுகளில் முறையாக இடம்பெற்றது. ஆட்சியாண்டு ஏற ஏற மெய்க்கீர்த்தியில் புதிய வெற்றிகள் சேர்ந்துகொண்டே வரும். எந்த ஆண்டுக் கல்வெட்டில் எந்த வெற்றி முதன்முதலில் காணப்படுகிறது என்று பார்த்தால் அப்போர் நடந்த காலத்தை அறியலாம். இதற்குத் தமிழ் யாப்பிலும் இலக்கிய நடையிலும் பயிற்சி வேண்டும். தமிழாசிரியராகிய பண்டாரத்தாருக்கு அது இயல்பாக இருந்தது.

இலக்கியத்தையும் கல்வெட்டையும் ஒன்றுக்கொன்று சான்றாக வைத்துப் பார்ப்பது இவரது ஆய்வின் சிறப்பியல்பு. இதற்கு ஓர் எடுத்துக்காட்டைக் கூறலாம். பட்டினப்பாலை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனாருக்குக் கரிகாலன் பரிசளித்தான் என்பது இலக்கிய வழக்கு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் முற்பகுதியில் முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியன் சோழ நாட்டைத் தாக்கி அழித்தபோது, பட்டினப்பாலைக்குப் பரிசாக அளிக்கப்பட்ட பதினாறு கால் மண்டபத்தை மட்டும் இடிக்காமல் விட்டான் என்று திருவெள்ளறையில் உள்ள கல்வெட்டுப் பாடல் கூறுகிறது. ஓர் இலக்கியச் செய்தி ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மக்கள் நினைவில் நின்றதைக் கல் காட்டுகிறது. இலக்கியம் மட்டும் அறிந்தவரும் கல்வெட்டு மட்டும் அறிந்தவரும் இத்தகைய தொடர்பை எளிதில் காண இயலாது.

ஒரு செய்திக்குச் சான்று எது, அது எந்த ஊர்க் கல்வெட்டு என்பதைப் பக்கந்தோறும் அடிக்குறிப்பில் தருவது இவரது வழக்கம். தமிழில் எழுதும் வரலாற்று நூலும் இத்தகைய ஒழுங்குடன் அமைய இயலும் என்பதற்கு இவரது நூல்கள் முன்மாதிரியாயின.

முதற் குலோத்துங்க சோழன்

1930ஆம் ஆண்டு வெளிவந்த இந்நூல் பண்டாரத்தாருக்குப் பெயர் பெற்றுத் தந்தது. முதலாம் குலோத்துங்கன் (ஆட்சி 1070 - 1120) தந்தை வழியில் கீழைச் சாளுக்கியன். தாய் வழியில் முதலாம் இராசேந்திர சோழனின் மகளாகிய அம்மங்கைதேவியின் மகன். இவன் ஆட்சியில் 1077இல் 72 பேர் கொண்ட தூதுக்குழு சீனத்திற்குச் சென்றது. 1086இல் நிலம் அளக்கப்பட்டது. சுங்க வரியை நீக்கியதால் சுங்கந் தவிர்த்த சோழன் எனப் பெயர் பெற்றான். கருணாகரத் தொண்டைமான் தலைமையில் நடந்த கலிங்கப் போரைச் செயங்கொண்டார் கலிங்கத்துப்பரணியாகப் பாடினார். பரணி நூலின் செய்திகளையும் கல்வெட்டுச் செய்திகளையும் இணைத்துக் காணும் பண்டாரத்தாரின் முறைக்கு இம்மன்னன் வரலாறு மிகவும் ஏற்றதாக அமைந்தது.

பாண்டியர் வரலாறு

1940இல் வெளிவந்த இந்நூல் சங்க காலப் பாண்டியர் முதல் பிற்காலப் பாண்டியர் வரை தொடர்ச்சியாகக் கூறுகிறது. பாண்டியர் வரலாற்றில் ஒரே பெயருடைய மன்னர்கள் பலர் உள்ளனர். ஒரே காலத்தில் பாண்டியர் குடியினர் பலர் வெவ்வேறு பகுதிகளை ஆண்டதும் உண்டு. ஆகவே அவர்களது காலவரிசையை அமைப்பது சோழர் காலவரிசையை அமைப்பதிலும் கடினம். வேள்விக்குடி, சின்னமனூர்ச் செப்பேடுகளில் உள்ள மரபு வரிசை இடைக்காலப் பாண்டியர் வரலாற்றுக்கு அடிப்படையாகும். தமிழில் பாண்டியர் வரலாற்றைச் சான்றுகளுடன் ஒரே நூலில் படிக்க விரும்புவோருக்கு இந்நூல் நெடுங்காலம் வழிகாட்டியாக இருந்தது.

பிற்காலச் சோழர் சரித்திரம்

பேராசிரியர் க. அ. நீலகண்ட சாத்திரியார் சோழர் வரலாற்றை ஆங்கிலத்தில் இரு தொகுதிகளாக 1935, 1937ஆம் ஆண்டுகளில் வெளியிட்டிருந்தார். அதன்பின் புதிய கல்வெட்டுகள் பல வெளிவந்தன. அவற்றையும் சேர்த்துப் பண்டாரத்தார் தமிழில் தனியே ஆராய்ந்து எழுதியதே பிற்காலச் சோழர் சரித்திரம். முதற் பகுதி (1949) விசயாலயன் முதல் அதிராசேந்திரன் வரை, அதாவது ஒன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் 1070 வரையான வரலாற்றைக் கூறுகிறது. இரண்டாம் பகுதி (1951) முதலாம் குலோத்துங்கன் முதல் மூன்றாம் இராசேந்திரன் வரை, 1070 முதல் 1279 வரை நீள்கிறது. மூன்றாம் பகுதி (1961) சோழர்களின் ஆட்சி முறை, சமூகம், கல்வி, சமயம் முதலியவற்றைப் பற்றியது. இப்பகுதி ஆசிரியர் மறைந்த பின்னர் வெளிவந்தது.

இந்நூலில் பண்டாரத்தார் பல இடங்களில் முன்னைய ஆய்வாளர்களின் கருத்துகளிலிருந்து வேறுபட்டார். அவற்றுள் இரண்டு குறிப்பிடத்தக்கவை.

முதலாவது, ஆதித்த கரிகாலன் கொலை பற்றியது. இரண்டாம் பராந்தகனாகிய சுந்தர சோழனின் மூத்த மகனும் முதல் இராசராசனின் தமையனுமாகிய ஆதித்த கரிகாலன் கொல்லப்பட்டான். காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடியில் உள்ள கல்வெட்டு, இக்கொலை தொடர்பாகச் சோமன், இரவிதாசன், பரமேசுவரன் முதலிய உடன்பிறந்தாரின் நிலங்களும் உறவினரின் நிலங்களும் பறிமுதல் செய்யப்பட்டதைக் கூறுகிறது. அதன் காலம் முதல் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டு. இடையில் ஆண்ட உத்தம சோழன் குற்றவாளிகளைத் தண்டிக்கவில்லை என்று கொண்டு, அரியணை ஆசையால் அவனுக்கே இக்கொலையில் தொடர்பு இருந்திருக்கலாம் என நீலகண்ட சாத்திரியார் ஐயுற்றார். பண்டாரத்தார் இதனை ஏற்கவில்லை. கல்வெட்டில் இல்லாத ஒரு குற்றத்தை ஒரு மன்னன்மீது சுமத்துவதற்குப் போதிய சான்று இல்லை என்பது அவரது நிலை.

இரண்டாவது, அதிராசேந்திரனின் முடிவு பற்றியது. இம்மன்னன் முடிசூடிய குறுகிய காலத்தில் 1070இல் இறந்தான். பில்கணர் இயற்றிய விக்கிரமாங்கதேவ சரிதம் என்னும் வடமொழிக் காப்பியத்தைக் கொண்டு, அவன் உள்நாட்டுக் கலகத்தில் கொல்லப்பட்டான் என்றும், குலோத்துங்கன் அரியணையைக் கவர்ந்தான் என்றும் எழுதியோர் உளர். அக்காப்பியம் சோழர்க்குப் பகைவனான மேலைச் சாளுக்கிய மன்னனைப் புகழ எழுந்தது. அரசன் நோய் நீங்கும்பொருட்டுக் கோயிலில் திருப்பதியம் ஓத ஏற்பாடு செய்யப்பட்டதைக் கல்வெட்டுகொண்டு காட்டி, அதிராசேந்திரன் நோயுற்றே இறந்தான் எனப் பண்டாரத்தார் முடிவு செய்தார். திருப்பதியம் ஓதுவது பற்றிய சிறு கோயிற் குறிப்பு ஒன்று, ஒரு பேரரசனின் மரணத்தைப் பற்றிய வழக்கில் சான்றாகப் பயன்பட்டது.

இம்முடிவுகளைப் பிற்கால ஆய்வாளர் எல்லாரும் ஏற்றனர் எனக் கூற இயலாது. ஆதித்த கரிகாலன் கொலை இன்றும் விவாதத்திற்குரியதாகவே உள்ளது. ஆயினும் இவ்விவாதம் தமிழ் வாசகர்களுக்கும் உரியதானதற்குப் பண்டாரத்தாரின் நூல் ஒரு முக்கியக் காரணம். 1950 முதல் 1954 வரை தொடராக வெளிவந்த பொன்னியின் செல்வன் புதினத்தை எழுதிய கல்கி பயன்படுத்திய வரலாற்று நூல்களுள் பிற்காலச் சோழர் சரித்திரமும் ஒன்று. அப்புதினத்தில் சதிகாரர்கள் கூடும் இடமாகத் திருப்புறம்பியம் பள்ளிப்படை வருகிறது.

அரியலூர்ப் பகுதியும் சோழர் வரலாறும்

தெற்கே கொள்ளிடமும் வடக்கே வெள்ளாறும் எல்லையாக அமைந்த, செந்துறை, உடையார்பாளையம், செயங்கொண்டம், அரியலூர் முதலிய ஊர்களைக் கொண்ட பகுதி, பண்டாரத்தார் வாழ்ந்த காலத்தில் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. இன்று அரியலூர் மாவட்டமாக உள்ளது. பிற்காலச் சோழர் சரித்திரத்தின் பெரும்பகுதிக்கு இதுவே களம். முதலாம் இராசேந்திரன் அமைத்த கங்கைகொண்ட சோழபுரம் ஏறத்தாழ 250 ஆண்டுகள் சோழர்களின் தலைநகராக இருந்தது. பண்டாரத்தாரின் முதல் நூலுக்குரிய குலோத்துங்கனும் இங்கிருந்தே ஆண்டான். உட்கோட்டை, மாளிகைமேடு, மெய்க்காவல்புத்தூர், ஆயுதக்களம் முதலிய இடப்பெயர்கள் பழைய தலைநகரின் அமைப்பை இன்றும் நினைவூட்டுகின்றன. பழுவூரில் ஆண்ட பழுவேட்டரையர்கள் சோழர்களோடு மண உறவு கொண்டிருந்தனர். கண்டராதித்தம் என்னும் ஊர் கண்டராதித்த சோழனின் பெயரையும், அங்குள்ள பேரேரி அவன் தேவி செம்பியன் மாதேவியின் பெயரையும் தாங்கியுள்ளன.

கல்வெட்டுகள் எவ்வாறு காக்கப்பட்டன, எவ்வாறு அழிந்தன என்பதற்கும் இப்பகுதியிலேயே சான்றுகள் உள்ளன. திருமழபாடிக் கோயிலின் விமானத்தைப் புதுப்பிக்க முதல் இராசராசன் ஆணையிட்டபோது, பழைய கல்வெட்டுகளை முதலில் ஏட்டில் படியெடுத்துக்கொள்ளும்படி செய்தான். கோயில் எடுக்கப்பட்ட பின்னர் இராசேந்திரன் காலத்தில் அவை மீண்டும் கல்லில் பொறிக்கப்பட்டன. செம்பியன் மாதேவியும் தாம் கற்றளியாக்கிய திருக்கோடிக்காவல் கோயிலில் பழைய கல்வெட்டுகளை மறுபடியும் பொறிக்கச் செய்தார். இதற்கு மாறாக, 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பட்டபோது கங்கைகொண்ட சோழபுரக் கோயிலின் மதிற்கற்கள் பெயர்த்துக் கொண்டு செல்லப்பட்டன. எழுத்துள்ள கல்லும் எழுத்தில்லாத கல்லும் அணைக்கு ஒன்றே. பின்னாளிலும் திருப்பணி என்ற பெயரில் கல்வெட்டுகள் சிதைந்த கோயில்கள் பல. ஒரு கல் மறைந்தால் அதனோடு ஓர் ஊரின் நிலவுரிமை, நீர் ஏற்பாடு, சபை, கொடை பற்றிய செய்தியும் மறைகிறது. அவற்றை அச்சு நூலில் பொருள் விளங்க எழுதி வைப்பது இழப்பிற்கு எதிரான காப்பாகவும் அமைகிறது.

இலக்கிய வரலாறு

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் இலக்கிய வரலாற்றுத் திட்டத்தில் பண்டாரத்தார் எழுதிய இரு நூல்கள் 1955இல் வெளிவந்தன. ஒன்று கி.பி. 250 முதல் 600 வரையான காலத்தைப் பற்றியது. மற்றொன்று 13, 14, 15ஆம் நூற்றாண்டுகளைப் பற்றியது. இவை இரண்டும் போதிய சான்றுகள் கிடைக்காத கடினமான காலப்பகுதிகள். முதற் காலப்பகுதி களப்பிரர் ஆட்சி நிகழ்ந்ததாகக் கருதப்படுவது. பிற்பட்டது சோழ, பாண்டியப் பேரரசுகள் மறைந்து நாடு பல கைகளுக்கு மாறிய காலம். புலவர்களின் காலத்தைக் கல்வெட்டுகளில் வரும் பெயர்களையும் அவர்களை ஆதரித்தோரின் காலத்தையும் கொண்டு வரையறுத்தார். புலவர்களைப் பற்றிய செவிவழிக் கதைகளைச் சான்றாகக் கொள்வதில் தயக்கம் காட்டினார்.

பொதுப்பணி

அரசியலிலோ பெரிய அமைப்புகளின் பதவிகளிலோ அறியப்பட்டவர் அல்லர் பண்டாரத்தார். தமிழ்ச் சங்க இதழ்களுக்குக் கட்டுரைகள் அளித்தல், கோயில்களுக்குத் தல வரலாறு எழுதுதல், மாணவர்க்குக் கற்பித்தல் ஆகியவை வழியே இவரது பொதுத் தொண்டு அமைந்தது. இவர் நடை எளிய தூய தமிழ் நடை. செய்தியை மிகைப்படுத்தாமல், சான்றுக்கு மேல் ஒரு சொல்லும் கூடாமல் எழுதுவது இவரது இயல்பு. முன்னோர் பெருமையைப் பேசும் ஆர்வம் மேலோங்கியிருந்த காலத்தில், அப்பெருமைக்குச் சான்று கேட்கும் பழக்கத்தையும் இவரது நூல்கள் வாசகர்களுக்கு ஏற்படுத்தின.

சிறப்புகளும் மறைவும்

மதுரைத் திருவள்ளுவர் கழகம் 1956ஆம் ஆண்டு இவருக்கு ஆராய்ச்சிப் பேரறிஞர் என்னும் பட்டம் வழங்கியது. தமிழறிஞர்கள் இவரைக் கல்வெட்டுப் பேரறிஞர் எனவும் குறிப்பிடுவர். பண்டாரத்தார் 1960ஆம் ஆண்டு சனவரி 2ஆம் நாள் தமது 67ஆம் வயதில் காலமானார். இறுதிவரை எழுதிக்கொண்டிருந்த இவரது பிற்காலச் சோழர் சரித்திரத்தின் மூன்றாம் பகுதியும், இதழ்களில் வந்த கட்டுரைகளின் தொகுப்புகளும் மறைவிற்குப் பின் 1961இல் நூல்களாயின.

இவரது நூல்களைத் தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கியுள்ளது. தமிழ்மண் பதிப்பகம் அவற்றைத் தொகுதிகளாக மறுபதிப்புச் செய்தது. கங்கைகொண்ட சோழபுரம் கோயில் 2004இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. மாளிகைமேட்டில் நடந்த அகழாய்வுகளில் சோழர் அரண்மனையின் பகுதிகள் வெளிப்பட்டுள்ளன. புதிய சான்றுகளால் பண்டாரத்தாரின் சில முடிவுகள் திருத்தம் பெற்றாலும், சோழர் வரலாற்றைத் தமிழில் பயிலத் தொடங்குவோர் இன்றும் அவரது நூலையே முதலில் நாடுகின்றனர்.

நூல்கள்

முதற் குலோத்துங்க சோழன் (1930)
பாண்டியர் வரலாறு (1940)
திருப்புறம்பயத் தல வரலாறு (1946)
பிற்காலச் சோழர் சரித்திரம், முதற் பகுதி (1949)
பிற்காலச் சோழர் சரித்திரம், இரண்டாம் பகுதி (1951)
தமிழ் இலக்கிய வரலாறு, கி.பி. 250 - 600 (1955)
தமிழ் இலக்கிய வரலாறு, 13, 14, 15ஆம் நூற்றாண்டுகள் (1955)
காவிரிப்பூம்பட்டினம் (1959)
செம்பியன் மாதேவித் தல வரலாறு (1959)
பிற்காலச் சோழர் சரித்திரம், மூன்றாம் பகுதி (1961)
இலக்கியமும் கல்வெட்டுக்களும் (1961)
கல்வெட்டுக்களால் அறியப்பெறும் உண்மைகள் (1961)